நைலான் வளையம் வைத்த எட்டு நட்டுகள்

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் கடிதம் வந்து சேரும்வரை நானும் நலமாகத்தான் இருந்தேன். அண்ணிக்கு முதுகுவலி பரவாயில்லை, உன் மருமகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் திறந்துபோட்ட கதவு மாதிரி இருக்கிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான், இனி திட்டு. அப்பா அம்மா போன பிறகு உன்னை வளர்த்துப் படிக்க வைத்தவன் நான் என்று இதுவரை சொல்லிக்காட்டியதில்லை, இன்று சொல்லிக்காட்டுகிறேன்.

பயிற்சி விமானத்தின் எஞ்சின் புகைக்குழாய் இணைப்புக்குச் சரியான நட்டு வரப் பத்து நாள் ஆகும் என்றார்களாம், நீ இருக்கை பொருத்த வைத்திருந்த நட்டு டப்பாவிலிருந்து அதே அளவில் எட்டு எடுத்து நாலு சிலிண்டருக்கும் மாட்டினாயாம், பறக்கும் பள்ளி முதலாளி மெச்சிக்கொண்டாராம். மெச்சாமல் என்ன செய்வார், அவருக்கு விமானம் பறந்தால் சரி. கடிதத்தோடு நீ வைத்த போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒவ்வொரு நட்டின் வாயிலும் நைலான் வளையம். நட்டைக் கழலாமல் பிடிப்பதே அந்த வளையம்தான், இருக்கைக்கு அது போதும், புகைக்குழாய்ச் சூட்டில் அது மெழுகு. பிடி போனால் அதிர்விலேயே நட்டு கழலும், இணைப்பு வாய்பிளந்து நெருப்பாய் வரும் புகை நேரே பெட்ரோல் குழாய்மேல் அடிக்கும். அங்கே முழு உலோக நட்டுதான் போட வேண்டும் என்று பராமரிப்புப் புத்தகத்தில் பாக எண்ணோடு இருக்கிறது. நீ புத்தகத்தைத் தொடவே இல்லை. மரை ஏறினால் போதும் என்றால் உனக்கு எதற்கு உரிமம், இரும்புக்கடைக்காரரே மாட்டிவிட்டுப் போவார். அந்த விமானத்தில்தான் வருகிற சனிக்கிழமை ஒரு மாணவி முதல் தடவையாகத் தனியாகப் பறக்கிறாள் என்று நீயே சந்தோஷமாக வேறு எழுதியிருக்கிறாய்.

உடனே போன் செய்தேன். நான் பெரிய விமானம் பழுது பார்க்கிறவனாம், சின்னதுக்கு இவ்வளவு அலட்டல் வேண்டாமாம், சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய், பிறகு எடுக்கவே இல்லை. அதனால் உங்கள் தலைமை ஆய்வாளரை அழைத்தேன். போய்ப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டார். "ஒரு தடவைதான் ஓட்டிப் பாத்திருக்காங்க சார், அதுக்குள்ள ரெண்டு நட்டு விரலாலேயே சுத்துது" என்றார். விமானத்தைப் பூட்டிவிட்டார். உன் உரிமத்தை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, காப்பாற்றச் சொல்லவும் இல்லை. தனியாக இருக்கிற பெண், பதமாக எழுதுங்கள் என்கிறாள் அண்ணி. இதுதான் பதம்.

நீ நீண்ட ஆயுளோடு இரு, உன் வேலையை நம்பி ஏறுகிறவர்களும் அப்படியே இருக்கட்டும். மறக்காதே, கழற்றியதும் அந்த எட்டையும் சுத்தியலால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடு, இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு புத்திசாலி எடுத்து மாட்டுவான். அந்த மாணவியிடம் சனிக்கிழமை அவள் ஏன் பறக்க முடியாது என்பதை நீயே நேரில் போய்ச் சொல், வேறு யார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்கக் கூடாது.

கோபம் இன்னும் தீராத,
உன் அண்ணன்