வர்றேனுங்க

அக்கா,

இன்று ஆய்வகத்தில் உங்கள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். தைல வாசனை குப்பென்று அடித்தது. குன்னூர்க் குளிருக்கு நீங்கள் நெற்றியில் தேய்ப்பீர்களே, அதே நீலகிரித் தைலம். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. ஹெட்போனின் பஞ்சை நானே இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

போலந்துப் பல்கலைக்கழகத்தோடு நம் கல்லூரியை இணைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனை மின்னஞ்சல், முதல்வர் அறை வாசலில் எத்தனை காத்திருப்பு! "இதுல என்னத்தக்கா கண்டீங்க?" என்று நானே நக்கலடித்திருக்கிறேன். "எஸ்டேட்டுல பொறந்த புள்ளையும் அங்க பொறந்த புள்ளையும் ஒரே வகுப்புல மூஞ்சி பாத்துப் பேசோணுமுங்க" என்றீர்கள்.

முதல் இணையவகுப்பு நினைவிருக்கிறதா? முடிக்கும்போது வழக்கம்போல "வர்றேனுங்க" என்று சொல்லி அணைத்துவிட்டீர்கள். திரைக்கு அடியில் ஓடிய மொழிபெயர்ப்பு, நீங்கள் வந்துகொண்டிருப்பதாகக் காட்டியிருக்கிறது. பாவம், அந்தப் பிள்ளைகள் அரைமணி நேரம் உங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரித்து வயிறே வலித்தது.

"பேசாம போறேன்னே சொல்லிருங்கக்கா."

"ஐயோ, அதைய வாயில சொல்லுவாங்களா? சொன்னா போயே போயிருவோமுங்க."

கடைசி வகுப்பிலும் "வர்றேனுங்க" என்றுதான் கிளம்பினீர்கள். மறுநாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. வெலிங்டன் வீட்டுக்குப் பெட்டியில்தான் திரும்பினீர்கள்.

அடுத்த வாரம் வகுப்பைத் திறந்தால், அனுமதிக்குக் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர். உங்கள் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். "லேப்டாப்பு பீரோவுல பூட்டிக் கெடக்குதுங்க. அவ போனதுலருந்து சார்ஜே போடலீங்க" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் வகுப்பு முடியும்வரை காத்திருக்கிறீர்கள். நான் உள்ளே விடவுமில்லை, நீக்கவுமில்லை.

இன்று தட்டிக்கழிக்க வழியில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள், இனி நான்தான் பொறுப்பாளராம். உங்கள் பெயரை இன்றே அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆபீஸிலிருந்து தாள் வந்துவிட்டது. வகுப்பு முடிந்தும் போலந்துப் பிள்ளைகள் அணைக்கவில்லை. ஒரு பெண் நீங்கள் சொல்லிக்கொடுத்த தமிழில், "அக்கா வர்றேன் சொன்னாங்க" என்றாள்.

என் விரல் 'நீக்கு' மேல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடைசி வகுப்பில் நீங்கள் "வர்றேனுங்க" என்றபோது, வயரைச் சுருட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரிக்கா, வாங்க" என்றேன். கூப்பிட்டதே நான்தான். கூப்பிட்டுவிட்டு நான்கு மாதமாக வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். என்ன மனுஷி நான்!

உள்ளே விட்டேன். கறுப்புக் கட்டம், அதில் உங்கள் பெயர். ஹெட்போன் வழியே, தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். அந்தப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக "வாங்க அக்கா" என்றார்கள். எனக்குப் பயத்திலும் அழுகை, பாசத்திலும் அழுகை.

ஆபீஸ் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. விளக்கை அணைத்துக் கிளம்பும்போது, பழக்க தோஷம், காலி அறையைப் பார்த்து "வர்றேன்கா" என்று சொல்லிவிட்டேன். பதில் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டேன்.