தோல் பழகும் வரை

1959, சனவரி 4, ஞாயிறு

நேற்றுச் சின்னாளப்பட்டியில் இரண்டரை மணி நேரம் பேசினேன். காலையில் எழுந்தால் தொண்டை கட்டிக் கிடக்கிறது. சிவனம்மாள் மிளகைத் தட்டிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் முழங்கிட்டு வந்து வீட்டுல ஊமையா உக்கார்றதுக்கு ஒரு பொண்டாட்டி வேணுமாக்கும்" என்றாள். திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள்; எந்த மேடையிலும் என்னை இப்படி மடக்கியவர் இல்லை.

மகள் பொன்னழகு வழக்கம்போல் விடியலில் மலைக்கோட்டை அடிவாரம்வரை ஓடிவிட்டு வந்தாள். பதின்மூன்று வயது. வெறுங்கால். உடற்பயிற்சி ஆசிரியர் சூசைராஜ் சொல்லியனுப்பியிருக்கிறார்: மதுரையில் மாவட்டப் போட்டி கரித்தூள் தடத்தில் நடக்கும், வெறுங்காலில் ஓடினால் கிழித்துவிடும், காலணி இல்லாமல் அனுப்ப இயலாது. இதைக் கேள்வியுற்ற தாடிக்கொம்பு இளைஞர் மன்றத்தார், தாமே வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டனர். பொங்கல் விழா மேடையில், மக்கள் முன்னிலையில் வழங்குவார்களாம். எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சனவரி 6

மன்றத்தார் முன்பணம் கொடுத்திருந்த காலணியை மைதீன் பிச்சை தைத்து முடித்து, தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். தோல் பதனிடும் குடும்பம்; என் இளமைக்கால நண்பர். பழுப்பு நிறம், வெண்கயிறு, முகர்ந்தால் புதுத்தோலின் மணம். பொன்னழகு கையில் வாங்கி ஒரு குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டாள்.

"புலவரே, நாளையிலருந்தே போடச் சொல்லுங்க. செத்த நேரம் போட்டுக் கழட்டணும், மறுநா இன்னுங் கொஞ்சம். தோலு காலோட பழகணும். பழகாத தோலு கடிச்சிரும்" என்றார்.

அது ஆகாது என்றேன். மன்றத்தார் மேடையில் வழங்கவிருக்கும் பரிசு. அதற்குமுன் அதில் மண் படுவது அவர்களை இழிவு செய்வதாகும். மைதீன் பிச்சை தலையைச் சொறிந்தார். "மேடைக்குத் தைக்கிறேன்னு சொல்லலியே. ஓடுறதுக்குன்னுல்ல சொன்னீங்க?"

மரப்பேழையில், எனக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

சனவரி 9

பேழைத் திறவுகோலைக் கேட்டாள். "பாக்க மட்டுந்தாம்ப்பா." பார்த்தாள். மூடிவிட்டாள்.

சனவரி 18, ஞாயிறு

தாடிக்கொம்பு. தேரடியில் நிற்க இடமில்லாத கூட்டம். மன்றத் தலைவர் உடையப்பன் காலணியை மாலையோடு தட்டில் வைத்து வழங்கினார். பொன்னழகு மேடையிலேயே அமர்ந்து அணிந்துகொண்டாள். கைத்தட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். பண்டைத் தமிழ் மறவர் மார்பில் ஏற்ற விழுப்புண்ணை அணிகலனாகக் கொண்டதை எடுத்துரைத்தேன். "அம்மரபில் வந்தவள் என் மகள்! கால் புண்ணானாலும் கலங்க மாட்டாள்! வலி என்ற சொல்லை அவள் வாய் அறியாது! உங்கள் காலணியோடு ஓடுவாள், உங்கள் காலணியோடு வெல்வாள்!" என்றபோது கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது.

மிதிவண்டியில் திரும்பும்போது பின்னால் அமர்ந்திருந்தவள், "அப்பா, லேசா லூசா இருக்கு" என்றாள். "பழகிவிடும் அம்மா" என்றேன்.

சனவரி 20

வட்டாரப் போட்டி. இருநூறு மீட்டரில் முதலிடம்! காலையில் தகுதிச்சுற்று, நண்பகலில் தொடரோட்டம், மாலையில் இறுதி — மூன்று முறை ஓடினாள். கடைசி வளைவில் அவள் முகம் சற்றே கோணியதைக் கண்டேன். முயற்சியின் கடுமை என்று எண்ணிக்கொண்டேன்.

மதுரையில் பிப்ரவரி 14.

சனவரி 21

வீட்டிற்குள் முன்பாதத்தை ஊன்றியே நடக்கிறாள். வெற்றிக் களிப்பு, துள்ளுகிறாள் என்று சிவனம்மாளிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

சனவரி 23, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை.

கொல்லையில் கழனித் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒரு சட்டி. அதில் ஊறிக்கொண்டிருந்தவை பொன்னழகின் வெள்ளைக் காலுறைகள். நீர் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. சிவனம்மாள் சட்டியோடு கொண்டுவந்து என் எழுதுபலகைமேல் வைத்தாள்.

பள்ளியிலிருந்து வந்தவளை அழைத்துக் காலைக் காட்டச் சொன்னேன். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டாள். சிவனம்மாள்தான் பிடித்து அமர்த்தினாள். இரண்டு குதிகால்களிலும் கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, உள்ளே செக்கச் சிவந்த சதை. இடக்காலில் சீழ் தொடங்கியிருக்கிறது. இந்தக் காலோடு மூன்று நாள்கள் பள்ளிக்கு நடந்திருக்கிறாள்.

"ஏண்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?" — சிவனம்மாள்.

பொன்னழகு அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்கதானப்பா சொன்னீங்க, கால் புண்ணானாலும் கலங்க மாட்டேன்னு. அம்புட்டுப் பேரும் கேட்டாங்கள்ல. நான் வலிக்குதுன்னா நீங்க சொன்னது பொய்யாயிருமே."

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என்ன செஞ்சு வச்சிருக்கே, சோலைமலை? பச்சப் பிள்ளையோட கால்ல நீ கைத்தட்டு வாங்கியிருக்கே. பத்துப் பேர் தட்டுனா உனக்குக் கண்ணு தெரியாது. வளைவுல மொகம் கோணுச்சே — பாத்தேல்ல? பாத்துட்டுப் பேசாமத்தானே நின்னே?

அவள் தோற்றால் பொறுப்பேன். தனக்கு வலிப்பதை என்னிடம் சொல்ல அஞ்சுகிறாளே — இதை எப்படிப் பொறுப்பது?

சனவரி 24

மருத்துவர் ராயப்பராஜ் கழுவிக் கட்டுப் போட்டார். தோலை உரித்து எறியக் கூடாதாம், அதுவே காப்பாம். ஈரம் படக் கூடாது. பத்து நாள்கள் ஓடக் கூடாது. "மதுரைக்குப் போகலாமா?" என்று பொன்னழகு கேட்டாள். "கால் சொல்லும். நீ அது சொல்றதக் கேக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

பிற்பகல் மைதீன் பிச்சை வந்தார். காலணிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். உட்புறக் குதியில் தையல் மேடு இருக்கிறதாம். நாள்தோறும் கொஞ்சம் அணிந்திருந்தால் அமுங்கியிருக்குமாம். "சரி, தையல் என் தப்பு. ஆனா லூசா எப்படிப் போச்சு? அளவெடுத்துல்ல தைச்சேன்" என்றவர் சட்டென்று நிறுத்தி, சிவனம்மாளைப் பார்த்தார்.

சிவனம்மாள் முந்தானையைத் திருகினாள். "நாந்தாண்ணே. வளர்ற பிள்ளை, ரெண்டு வருசத்துக்காச்சும் வரட்டுமேன்னு ஒரு வெரக்கடை கூட்டி வைக்கச் சொன்னேன்."

"ஆமா தங்கச்சி, சொன்ன. நானும் கேட்டேன். குதி தூக்கித் தூக்கி விழுந்திருக்கு, தேய்ஞ்சிருக்கு."

"இவரு மேடைக்காகப் பூட்டி வச்சாரு, நாங் காசுக்காகக் கூட்டி வச்சேன், நீங்க வாய மூடிக்கிட்டுத் தச்சீங்க. பிள்ளை ஒண்ணுதான் ஒரு தப்பும் பண்ணல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

மைதீன் பிச்சை காலணியை எடுத்துச் சென்றிருக்கிறார். தையலைத் தட்டி, மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துக் குதியை இறுக்கித் தருவாராம்.

சனவரி 28

கட்டு மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் கட்டை மெல்ல அவிழ்த்தேன். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லப்பா." கால்விரல்கள் மட்டும் மடங்கின.

இன்றும் அதே கேள்வி, அதே விடை. வாய் இல்லை என்கிறது. விரல்கள் ஆம் என்கின்றன.

சனவரி 30

விடியலில், தாடிக்கொம்புக்குப் பக்கத்து ஊரான அகரத்திலிருந்து இருவர் வந்தனர். ஞாயிறன்று அங்கே கூட்டம். நான் பேச வேண்டும். பொன்னழகையும் காலணியோடு அழைத்துவர வேண்டுமாம். "மதுரைக்குப் போறதுக்கு முந்தி சனம் ஒருவாட்டி பாக்கட்டும்ங்க." கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அவர்கள் போனதும் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அகரத்தில் மாலை ஐந்து மணிக் கூட்டம். தாடிக்கொம்பு மன்றத்தாரும் முன்வரிசையில் இருந்தனர். பொன்னழகு பெண்கள் பக்கம், கட்டுப் போட்ட காலோடு, வெறுங்காலாக அமர்ந்திருந்தாள். எத்தனையோ மேடைகளில் அரசை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். காவலர் தடியை நேரில் கண்டிருக்கிறேன். இன்றைக்குப்போல் மேடையேறத் தயங்கியதில்லை.

"சென்ற முறை தாடிக்கொம்பில் ஒரு பிழை பேசினேன்" என்று தொடங்கினேன். குரல் எழவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "புலவரே, மைக்கு அவிஞ்சு போச்சா?" என்றான். சிரிப்பு. காலணியை நான் பூட்டி வைத்தது, அவள் கால் புண்ணானது, என் சொல்லுக்கு அஞ்சி அவள் மறைத்தது — எல்லாம் சொன்னேன். "விழுப்புண் போர்க்களத்தில் பகைவன் தருவது. இது நான் தந்தது. இதில் பெருமை இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று என் மகள் சொல்ல வேண்டும். உங்கள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் அமர்ந்தாலும், அது உங்களுக்கு இழிவன்று. அவ்வளவே நான் சொல்ல வந்தது."

அரை நாழிகைகூட ஆகவில்லை. கைத்தட்டல் இல்லை. பெண்கள் பக்கமிருந்து ஒச்சம்மாள் என்னும் கிழவி எழுந்து, "அதெல்லாங் கெடக்கட்டும்யா, பிள்ளைக்குக் கால் ஆறிருச்சா? மொத அதச் சொல்லு!" என்று கத்தினாள். ஆறி வருகிறது என்றேன். "அப்பச் சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கியதும் உடையப்பன் வந்தார். சினம் கொள்வார் என்றிருந்தேன். "ஓடுறதுக்குத்தானங்க வாங்கிக் குடுத்தோம், புண்ணு வாங்குறதுக்கா? எனக்கும் மூணு பொட்டப் பிள்ளைக இருக்கு" என்றார்.

திரும்பும்போது பொன்னழகு மிதிவண்டியில் பின்னால் அமர்ந்து வந்தாள். முத்தாலத்து ஓடைப் பாலம் கடக்கையில் அவள் நெற்றி என் முதுகில் சாய்ந்தது. வீடு வரும்வரை எடுக்கவில்லை. மெதுவாக மிதித்தேன்.

பிப்ரவரி 4

கட்டு அவிழ்ந்தது. இளஞ்சிவப்புத் தோல்.

பிப்ரவரி 5

சீரமைத்த காலணி வந்தது. மைதீன் பிச்சை உட்குதியில் விளக்கெண்ணெய் தடவிக் காய வைத்திருக்கிறார். உலர்ந்த காலுறை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று, உள்ளே முகத்தூள். முதல் நாள் உலை கொதிக்கும் நேரம் மட்டும். பொன்னழகு அதை அணிந்தே அம்மாவுக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தாள்.

"அடுப்படிக்குள்ள பூட்சு போட்டு வெஞ்சனத்துக்கு அரியிற மகராணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்றாள் சிவனம்மாள். மூவரும் சிரித்தோம். பல நாள்களுக்குப் பிறகு.

பிப்ரவரி 9

அரை மணி நடந்தாள், பிறகு மெல்ல ஓடினாள். வந்ததும் இருவருமாகக் கால்களைப் பார்த்தோம். "வலிக்கிறதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் இல்லை என்கிறாள். காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி — மதுரை

காலைத் தகுதிச்சுற்றில் இரண்டாவதாக வந்தாள். இறுதிச்சுற்றுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நானும் உடையப்பனும் மன்றத்தார் நால்வரும் கயிற்றுக்கு இப்பால் நின்றோம்.

அவள் தடத்தின் ஓரமாக நின்றாள். எங்களைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மீண்டும் எங்களை. அழைக்கலாமா என்று வாய் வரை வந்தது. அழைக்கவில்லை. என் வாழ்நாளில் இத்துணைக் கடினமாக நான் வாயை மூடியதில்லை.

கயிற்றைத் தாண்டி வந்தாள். மன்றத்தார் அனைவரும் பார்க்க, தரையில் அமர்ந்து இடக்காலணியைக் கழற்றினாள். "அப்பா, சுண்டு விரல் பக்கம் காந்துது. இன்னும் கொப்புளம் ஆகல. ஆனா காந்துது."

என் மடியில் அவள் கால். வியர்வையில் காலுறை நனைந்து சுருண்டிருந்தது, அவ்வளவுதான். துண்டால் துடைத்தேன். தூள் போட்டேன். உலர்ந்த காலுறையைச் சுருக்கமின்றி இழுத்துவிட்டேன். உடையப்பன் கயிற்றைக் கட்டினார். "இறுக்கமா, லூசா?" "கொஞ்சம் லூசு விடுங்கண்ணே." "இப்ப?" "இப்பச் சரி."

மூன்றாமிடம். முதலிருவர் நெடியவர்கள், நன்றாக ஓடினார்கள். ஓடி முடித்து வந்தவளிடம் உடையப்பன் கேட்டது: "கால் எப்படி இருக்கு தாயி?"

பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெண்கலப் பதக்கம் சூசைராஜ் சட்டைப்பையில் இருக்கிறது. இறங்கும்போது வாங்க மறந்துவிட்டோம்.

மார்ச்சு 2

காலையில் ஓடப் புறப்பட்டவள் வாசலில் நின்று, திரும்பி உள்ளே வந்தாள்.

"இன்னைக்கு ஓடலப்பா. கெண்டைக்கால் இழுக்குது. நாளைக்குப் பாப்போம்."

சரி என்றேன். சிவனம்மாள் அவளுக்கு இன்னொரு இட்டலி வைத்தாள்.