எட்டும் ஐந்தும் பன்னிரண்டு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அபிநயா எழுதுகிறேன். இங்கே புனேயில் நான் நலம். அத்தையின் மூட்டுவலி குறைந்ததா? பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியாக இருந்திருக்குமே, கடையில் நின்றபடியாவது நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா?

உங்கள் குரூப் ஃபோர் பரீட்சைக்காக நான் எழுதிய புரோகிராம், எண்களைத் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கி, தினமும் காலையில் பத்துக் கணக்குகளை உங்கள் போனுக்கு அனுப்புகிறது. ஒன்று தப்பானாலும் நான் கூப்பிட்டு விளக்குவேன் என்பதுதானே நம் ஏற்பாடு?

நேற்று ஒரு மாத விடைகளையும் சேர்த்துப் பார்த்தேன். மூன்றிலக்கப் பெருக்கலெல்லாம் சரி. தினமும் இருப்பதிலேயே எளிய கணக்கு மட்டும் தப்பு. எட்டும் ஐந்தும் பன்னிரண்டாம்!

"கை தவறி அழுத்திட்டேன் அபி, நீ சொல்லு, கேக்கறேன்" என்றீர்கள் அன்றைக்கு. மக்கு மாதிரி நானும் கால் மணி நேரம் கூட்டல் சொல்லிக்கொடுத்தேன்!

பரீட்சையிலும் இப்படி எழுதி வைத்தால் என்ன செய்வது? அதனால் ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். நாளையிலிருந்து பத்தும் சரியாக இருந்தால்தான் கூப்பிடுவேன்.

வறுத்த வேர்க்கடலை கொஞ்சம் அனுப்புங்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

கணக்கைக் கவனமாகப் போடுங்கள். காலையில் எனக்கும் வேறு பேச்சுத் துணை இல்லை.

உங்கள்
அபிநயா