பாறை இடுக்குக்கு அப்பால் கேட்ட அருவி

என் உயிர் மச்சான் சுலைமானுக்கு,

உனக்கும் எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. இருந்தாலும் கடிதம் போடுகிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஷகிலா எழுதுகிறாள். பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம்தான் கைக்கு வரும். இவள் தமிழ்நாட்டுக் கம்பத்தில் படித்தவள். பள்ளிவாசல் மலரில் இதைப் போடுகிறார்களாம். போடட்டும். ஊரும் கேட்டுவிட்டால் நான் பின்வாங்க முடியாது.

முதலில் ஊர்ச் சங்கதி. நம் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. ஏசி போட்ட படகு. "வந்தா ஜன்னல் சீட்டு எனக்குத்தான்" என்று சொல்லிவைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நானும் நம் குடோன் அந்தோணியும் போனோம். அவன் ஜன்னல் சீட்டில் குடையை வைத்துவிட்டான். ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டதற்கு, "ஆளுண்டு மோளே" என்றான். எர்ணாகுளம் வரைக்கும் அந்தக் குடைதான் உட்கார்ந்து வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி மஸ்கட் போகப் போகிறேன்.

உன் மகன் ரபீக் அங்கே நம் மூன்று பேரையும் கூட்டிப்போனானே, அது முழுக்க இன்னும் என் கண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. முதல் இரண்டு நாள் மால் மாலாகச் சுற்றிக் காட்டினான். நீதான், "மோனே, ஆயுசு பூரா இஞ்சி மூட்டை சுமந்த காலு இது. இந்த ஏசிக் குளிருல மரத்துப்போச்சு. எங்கேயாவது நடக்க விடு" என்றாய். அதனால்தான் வாதி என்று அங்கே சொல்கிற அந்த இடத்துக்கு அழைத்துப்போனான். இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவே பச்சைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தாக்கு.

வந்தவர்கள் எல்லாரும் முதுகில் பை மாட்டியிருந்தார்கள். நீ மட்டும் தோர்த்துத் துண்டைச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் அண்டா மாதிரியான பிரியாணிச் செம்பை ஏற்றிக்கொண்டு நடந்தாய். வெள்ளைக்காரன் ஒருவன் போட்டோ எடுத்தான். "சுலைமானே, கல்யாண வீடு எங்கேன்னு வெள்ளைக்கார சாயிப்பு கேக்கறான்" என்றான் அந்தோணி.

பாதி வழியில் சுமையைத் தரையில் வைக்கக் கூடாது, முடியாதவன் தலையிலிருந்து அடுத்தவன் தலைக்கு மாற வேண்டும் என்பது நம் குடோன் சட்டம். அந்தப் பாறைகளுக்கு நடுவிலும் அதை விட்டோமா? உன் தலை, என் தலை, அந்தோணி தலை என்று செம்பு போனது. ரபீக் மட்டும் முன்னால், நம்மைத் தெரியாதவன் மாதிரி நடந்தான்.

அப்புறம் நீந்திப் போக வேண்டிய மடு வந்தது. செம்பை மிதக்க விடலாம் என்றாய். வேண்டாம் என்றேன். "தம் போட்ட மூடி மச்சான், சுத்தி மைதா ஒட்டியிருக்கு. கப்பலாட்டம் போகும்" என்று தள்ளிவிட்டாய். போனது, கொஞ்ச தூரம். மைதா தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று மூன்று கிழவர்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. மூடி ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். மீன் கூட்டம் எங்கிருந்துதான் வந்ததோ! சிரித்துச் சிரித்து நீ தண்ணீர் குடித்ததும், நானும் அந்தோணியும் உன் கையைப் பிடித்து இழுத்ததும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. பாறைமேல் உட்கார்ந்து ரபீக் பையிலிருந்த குபூஸ் ரொட்டியைத்தான் பிய்த்துத் தின்றோம்.

கடைசியில் அந்த இடுக்கு. இரண்டு பாறைக்கு நடுவே தலை மட்டும் நுழைகிற வழி, கழுத்துவரை தண்ணீர். அதைத் தாண்டினால் குகை, குகைக்குள் அருவி. அருவியின் சத்தம் வெளியே நம் நெஞ்சில் வந்து இடித்தது. நீ பாறையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாய். "காதரே, மூட்டை அட்டி சரிஞ்சு என்மேல விழுந்துச்சே, அது மாதிரி இருக்கு" என்றாய். அன்றைக்குக் குடோனில் அட்டியாக அடுக்கிய மூட்டைகளுக்கு அடியிலிருந்து உன்னை இழுத்து எடுத்தவன் நான். அதற்குப் பிறகு நீ கதவைச் சாத்திப் படுத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாய். யார் போவார்கள்? அந்தோணி, "எனக்குக் குளிருது எடோ, திரும்பலாம்" என்று பொய் சொன்னான். அப்போது நீ தலைத் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தாய். "வெச்சுக்கோ. அடுத்த தடவை இதைக் கட்டிக்கிட்டு நான் முதல்ல நுழைவேன்."

அடுத்த தடவை வருவதற்குள் நீ போய்விட்டாய். குடோன் வாசலில், கையில் பாதிச் சாயாவோடு. என்ன அவசரம் உனக்கு?

துண்டு என்னிடம் இருக்கிறது. போகிறேன் என்றதும் என் மகன் குதித்தான். "அத்தா, எழுபத்தஞ்சு வயசுல என்ன சாகசம்? அந்த அருவிதானே, இந்தா மொபைல்லயே பாருங்க" என்று நீட்டினான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். நீ பார்க்காததை நான் எதற்கு மொபைலில் பார்க்க வேண்டும்?

இப்போது அந்தோணியும் நானும் கும்பளங்கியில் அவன் மச்சினன் வீட்டு மீன்கெட்டுக் குளத்தில் நீந்திப் பழகுகிறோம். இரண்டு வள்ளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவே தலை போகிற அளவுக்கு இடைவெளி விட்டு வைத்திருக்கிறான். அதற்குள் நுழைந்து வர வேண்டும். முதல் நாள் பாதியில் மூச்சு முட்டித் திரும்பிவிட்டேன். "தலை போனா மதி, அது போதும் காதரே, வயிறு பின்னால தானே வரும்" என்று கரையிலிருந்து கத்தினான். இப்போது போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடுகிறேன். உள்ளே இருக்கும்போது உன் பயம் என்னவென்று எனக்கும் தெரிகிறது, மச்சான். தெரிந்துகொண்டுதான் போகிறேன்.

இந்த இடத்தில் ஷகிலா பேனாவை வைத்துவிட்டாள்.

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கறேன்னு சொல்லுங்க மாமா, அப்பத்தான் மிச்சம் எழுதுவேன்."

"சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். எழுதவா, வேண்டாமா?"

போட்டுக்கொள்கிறேன். எழுதிவிட்டாள், நீயும் சாட்சி. மகனிடம் தானே பேசுவதாகவும் சொல்லியிருக்கிறாள். ரபீக்கிடம் போனில் சொன்னேன். அவன் "வாங்க மாமா. நானும் இதுவரை அதுக்குள்ள போனதில்லை" என்றான்.

ஐப்பசித் துலாமழை முடிந்ததும் கிளம்புகிறோம். இந்தத் தடவை செம்பு இல்லை, பொட்டலம்தான். உன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நான்தான் முதலில் நுழைவேன். பின்னால் உன் மகன், அவனுக்குப் பின்னால் அந்தோணி. அருவிக்கு அடியில் போய் நின்று அந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து, அவிழ்த்து ரபீக் தலையில் கட்டுவேன். நீ பாதி வழியில் விட்டது தரையைத் தொடாது. இது என் வாக்கு.

அடுத்த தலையாக நிற்கும் உன் மச்சான்,
காதர்
மட்டாஞ்சேரி