ரோதியோனுக்கு வைத்த கோப்பை

மார்ச், 1995

அன்புள்ள கிளெப்,

ரோதியோன் இறந்த நாற்பதாம் நாளன்று அவன் படத்துக்கு முன் வைத்த கோப்பையில் நான் வோட்காவுக்குப் பதில் தண்ணீர் ஊற்றியதில் உனக்குக் கோபம். உன் நண்பனைக் கொன்றதையே அவனுக்குப் படைக்க எனக்கு மனம் வரவில்லை.

"செத்தவனுக்குமா பாடம் நடத்துற, டீச்சரம்மா?" என்று எல்லோரும் சிரிக்கக் கேட்டாய். தண்ணீரைக் கொட்டிவிட்டு வோட்கா நிரப்பினாய். வழக்கப்படி அதன்மேல் மூடும் கறுப்பு ரொட்டித் துண்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மதுவைக் கட்டுப்படுத்திய சில ஆண்டுகளில் நம் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் அறுபத்தைந்தை எட்டியது. இப்போது ஐம்பத்தெட்டுகூட இல்லை. சராசரி தனி ஒருவனின் கதையைச் சொல்லாது என்று வகுப்பில் முப்பது வருடம் உதாரணங்களோடு விளக்கியிருக்கிறேன். இன்று யாராவது அதை எனக்கு விளக்கினால் தேவலை. ரோதியோனுக்கு முப்பத்தாறு வயது. உனக்கும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை வா. திட்டமாட்டேன். குடித்துவிட்டு வந்தாலும் வா.

உன் அம்மா