ஏப்ரல் பனியும் அத்தானின் கோட்டும்

மொன்ட்ரியால்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தங்கச்சி மெற்றில்டா,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் நோவு எப்படி? தைலத்தை ஒழுங்காகப் பூசு. உனக்குச் சோம்பல் அதிகம்.

போன கிழமை இங்கே நல்ல வெயில். என் குளிர்க்கோட்டைத் தோய்த்து மடித்துக் கோயிலில் தானமாகக் கொடுத்தேன். மகன் றெக்ஸன் காரின் பனி டயர்களைக் கழற்றிச் சாதாரண டயர்களைப் பூட்டினான். வெள்ளியன்று மேற்கிலிருந்து கிளம்பிய குளிர்காற்று நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. கல்கரியில் பனி, டொரன்டோவில் மழை, இங்கே இன்று விடிய வீதியெல்லாம் ஐஸ். இன்றுதான் உன் அத்தானின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை.

“அம்மா, இந்த டயரோட வெளிக்கிட ஏலாது. பூசையை ஃபோனில பாப்பம்” என்றான் றெக்ஸன்.

“ஃபோனுக்கு முன்னால முழந்தாளில நிக்கச் சொல்லுறியோ?” என்று கேட்டேன்.

கொடுக்க மனம் வராமல் அலுமாரியில் வைத்திருந்த அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தவன் சப்பாத்தை மாட்டினான். பஸ்ஸில் போனோம். பயப்படாதே, நான் விழவில்லை. அவன்தான் ஒருமுறை வழுக்கினான்.

அடுத்த சனி ஞாயிறும் பனி என்கிறார்கள். இருப்புக்கொள்ளாமல் ஜன்னலடிக்கே போய்வருகிறேன். தடித்த மண்ணிற நூல்கட்டை ஒன்று அனுப்பு. கோட்டின் கை என் விரல்களையும் மூடுகிறது. வெட்டித் தைப்போம் என்கிறான் றெக்ஸன். வெட்ட விடமாட்டேன். உள்ளே மடித்துத்தான் தைப்பேன்.

அவன் இரவு வேலைக்கு வெளிக்கிடுகிறான். கடிதத்தைத் தபாலில் போட அவனிடம் கொடுக்க வேண்டும்.

உன் அக்கா,
பெனடிக்டா