சம்பந்தியம்மாவிடம் கேட்காமல் விட்டது

சம்பந்தியம்மா,

இன்று காலை மகனின் பனியன் யூனிட்டில், சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி ரோல் ஒன்றைப் பிரித்தார்கள். சாயமும் நீராவியும் கலந்த அந்த வாசம் அடித்ததும், நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று இந்தியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அருள்புரம் வீட்டின் உள்ளறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேன். வந்தவர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மகன் டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. விழித்தால் அவர் இல்லாதது அப்படியே இருந்தது. அப்போதுதான் மடத்துக்குளத்திலிருந்து நீங்கள் பஸ் ஏறி வந்தீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் தங்காதவர், துணிப்பையோடு வாசலில் நின்றீர்கள்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் என் தலையைச் சீவிவிட்டு, "வாங்க, மாப்பிள்ளை யூனிட்டு வரைக்கும் போயிட்டு வரலாமுங்க" என்றீர்கள்.

"நான் எங்கீங்க வர்றது? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்லீட்டுப் போறாங்க. அழுவறதுன்னா அங்க வந்து அழுவுங்க. கை மட்டும் சும்மா இருக்க வேண்டாமுங்க."

தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டும் மேசையில் என்னை உட்காரவைத்தீர்கள். அன்று நான் வெட்டியதைவிட நனைத்ததே அதிகம். நனைந்த பனியனை வாங்கி உதறி ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டு, அடுத்ததை என் கையில் கொடுத்தீர்கள். சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனான்.

மெல்லப் பேச்சு வந்தது. அவரைப் பற்றியே பேசினேன். நான் பைக்கில் ஏறிவிட்டேன் என்று நினைத்து, அவர் பல்லடம் வரை தனியாகப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததை நினைத்து அழுதேன்.

"நீங்க சிரிச்சா அவரொண்ணும் கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றீர்கள்.

இத்தனை பேசினேனே, உங்களை ஒருநாள்கூடக் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் போனபோது உங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. எப்போதோ நடந்தது, ஆறிப்போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நடவுக்காக ஊருக்குத் திரும்பியவர், "ஒருக்கா வந்து நம்மூட்டுல இருங்க, வாய்க்கால்ல தண்ணி போகுது" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஆர்டர் முடியட்டும், பண்டிகை கழியட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

காரியம் முடிந்து வந்த பிறகும் உங்கள் மகள் அழவில்லை. குக்கரை ஏற்றினாள், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, உங்கப்பா போனப்ப உங்கம்மா எப்படி இருந்தாங்க?"



"எருமையக் குளிப்பாட்டறப்ப அது கழுத்துல மொகத்த வெச்சுட்டு நிப்பாங்கத்தை. நெம்ப நேரம் நிப்பாங்க. எருமைக்கு முத்தம் குடுக்கறாங்கன்னு நான் சிரிப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

சம்பந்தியம்மா, அந்த வயதில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார ஒரு மனுஷி இருக்கவில்லை. நீங்கள் இருந்தபோது அதைக் கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை. இப்போது மத்தியானங்களில் நானும் உங்கள் மகளும் உங்களைப் பற்றியே பேசுகிறோம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். உங்களை இப்போதுதான் அறிந்துகொண்டு வருகிறேன். அறிய அறிய, நான் இழந்தது பெரிதாகிக்கொண்டே போகிறது.